உப்பை ஆராய்ந்த விஞ்ஞானி ஜே. சி. கோஷ்

பத்துபஸ்தி மளிகைக் கடையில் வாங்கும் கல் உப்பு, உலர்ந்திருக்கும்வரை மின்சாரத்தைக் கடத்துவதில்லை. தண்ணீரில் கரைந்ததும் நன்றாகக் கடத்துகிறது. இந்த விந்தைக்கு விளக்கம் தேடிய விஞ்ஞானிகளில் ஓர் இந்தியரும் உண்டு. அவர்தான் டாக்டர் ஞான சந்திர கோஷ்.

1894-ல் புருலியாவில் பிறந்த கோஷ், கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ராயிடம் ரசாயனம் பயின்றார். சத்யேந்திரநாத் போஸும் மேகநாத் சாகாவும் அங்கே உடன் படித்தவர்கள்.

கரையும் பொருளில் ஒரு பகுதியே மின்னேற்றமுள்ள அயனிகளாகப் பிரிகிறது என்பது ஸ்வீடன் நாட்டு அர்ரீனியஸின் கொள்கை. வினிகரில் உள்ள அமிலத்துக்கு அது பொருந்தியது; சமையல் உப்புக்குப் பொருந்தவில்லை. 1918-ல் இளைஞர் கோஷ் புதிய விளக்கம் தந்தார். திட உப்பிலேயே அயனிகள்தாம் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று பற்றி இடம் பெயராமல் நிற்பதால் மின்சாரம் பாய்வதில்லை. கரைந்தபின்னும் அந்தக் கவர்ச்சி முற்றிலும் விட்டுப்போவதில்லை. அதை மீறும் வேகமுள்ள அயனிகளே மின்சாரத்தைச் சுமக்கின்றன என்பது அவர் முடிவு.

கடற்காற்றில் உப்புப் படிந்த சுவிட்சில் ஈரம் பட்டால் மின்சாரம் கசிவதும் அயனிகளின் இந்த விடுதலையால்தான். தீவில் வாழ்வோர் ஈரக்கையால் சுவிட்சைத் தொடாதிருப்பது உயிர்காக்கும் பழக்கம்.

கோஷின் கொள்கை மேல்நாட்டு அறிஞர்களின் கவனத்தைப் பெற்றது. ஆனால் கரைசலிலும் அயனிகள் படிகத்தில் உள்ளதுபோல் அணிவகுத்து நிற்கும் என்று அவர் கொண்டது நிலைக்கவில்லை. 1923-ல் டெபை, ஹூக்கல் இருவரும் தந்த கொள்கை அதன் இடத்தைப் பிடித்தது. உப்பு முழுவதும் அயனிகளே என்ற அடிப்படை மட்டும் நிலைத்து நின்றது.

கோஷின் உழைப்பு அத்துடன் நிற்கவில்லை. டாக்கா பல்கலைக்கழகத்தில் 1921 முதல் பேராசிரியராக இருந்தார். 1939-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநரானார். 1950-ல் கரக்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் இயக்குநர் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. அங்கே வகுப்புகள் நடந்த கட்டடம், முன்பு சுதந்திரப் போராட்ட வீரர்களை அடைத்து வைத்த ஹிஜ்லி சிறைமுகாம். செல்லுலார் சிறையை அறிந்த அந்தமான் மக்களுக்கு அந்த மாற்றத்தின் அருமை புரியும்.

திட்டக் கமிஷன் உறுப்பினராகப் பணியாற்றி வந்த கோஷ், 1959 ஜனவரியில் காலமானார். அவர் தொடங்கி வைத்த கல்விக்கூடம் இன்றும் ஆயிரமாயிரம் எஞ்சினியர்களை உருவாக்கி வருகிறது.