நிலம் கேட்டு நடந்த வினோபா

இந்தியாவைக் கால்நடையாகவே சுற்றி வந்தவர் ஆச்சாரிய வினோபா பாவே. அவர் கேட்டது பணமல்ல, நிலம்.

மகாராஷ்டிரத்தில் 1895-இல் பிறந்தவர். 1940-இல் தனிநபர் சத்தியாகிரகத்துக்குக் காந்தி முதலில் தேர்ந்தெடுத்தது இவரைத்தான்.

1951 ஏப்ரல் 18. தெலுங்கானாவின் போச்சம்பள்ளியில், நிலமற்ற 40 தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் அவரிடம் 80 ஏக்கர் கேட்டன. அவர் ஊராரிடமே கேட்டுப் பார்த்தார். இராமச்சந்திர ரெட்டி என்ற நிலக்கிழார் எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். அன்று பிறந்ததுதான் பூமிதான இயக்கம். அதன்பின் 13 ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராக நடை. ஐந்து மகன்கள் உள்ள வீட்டில் தன்னை ஆறாவது மகனாக எண்ணி ஒரு பங்கு தரச் சொல்வார். இப்படிச் சேர்ந்தது 40 லட்சம் ஏக்கருக்கு மேல். அதில் பாறையும் உண்டு, வழக்கில் கிடந்த நிலமும் உண்டு.

அதே காலத்தில் இங்கே தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நம் பாட்டாளிகள் தானத்துக்குக் காத்திருக்கவில்லை. துன் சம்பந்தனிடம் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்தார்கள். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் 1961-இல் முதலில் வாங்கியது நம் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம்.

வினோபா 1982 நவம்பர் 15-இல் பவனார் ஆசிரமத்தில் காலமானார். தானமாக வந்த நிலத்தில் கணிசமான பகுதி அப்போதும் ஏழைகள் கைக்குப் போய்ச் சேரவில்லை.