முத்துக் குளித்த முனிவர்

பாண்டி நாட்டுத் திருப்பதிகளுள் திருச்சுழியல் என்பது ஒன்று. சுந்தரமூர்த்தி நாயனாரின் பாடல் பெற்ற பெருமை அதற்கு உண்டு. முன்னொரு காலத்தில் ஊழிவெள்ளம் உலகை மூட வந்தபோது, சிவபெருமான் தம் சூலத்தால் நிலத்தைத் துளைத்து, அவ்வெள்ளம் சுழித்து உள்ளே இறங்கும்படி செய்தார் என்றும், அதனாலேயே ஊருக்கு இப்பெயர் வாய்த்தது என்றும் தலபுராணம் கூறும். இக்காலத்தில் விருதுநகர் மாவட்டத்தில் அடங்கியுள்ள அவ்வூரில், 1879-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30-ஆம் நாள், ஆருத்திரா தரிசனத்தை ஒட்டிய நள்ளிரவுக்குப் பின், சுந்தரமையர் என்னும் வழக்குரைஞருக்கும் அழகம்மாளுக்கும் இரண்டாம் மகனாக ஒரு குழந்தை பிறந்தது. பெற்றோர் வேங்கடராமன் என்று பெயரிட்டனர். பிற்காலத்தில் உலகம் இரமண மகரிஷி என்று போற்றியது அக்குழந்தையையே.

வேங்கடராமனுக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது, 1892-ஆம் ஆண்டில், தந்தையார் காலமானார். குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. தாயார் இளைய மக்களுடன் மானாமதுரைக்குச் சென்றார். மூத்தவன் நாகசாமியும் வேங்கடராமனும் மதுரையில் சிற்றப்பனார் சுப்பையர் வீட்டில் தங்கிப் படிக்கலாயினர். ஒருமுறை கேட்டதை மறவாத நினைவாற்றல் இருந்தும், பாடங்களில் அவனுக்கு ஊக்கம் இல்லை. பந்தாட்டம், மற்போர், வைகையில் நீச்சல் ஆகிய இவற்றிலேயே நாட்டம் மிகுதி. உடலும் அதற்கேற்ற உரம் உடையது. உறக்கமோ கும்பகருணனுடைய உறக்கம். விழித்திருக்கும்போது அவனை எதிர்க்க அஞ்சிய பிள்ளைகள், உறங்கும்போது தூக்கிச் சென்று ஆசை தீர அடித்துவிட்டு, மீண்டும் படுக்கையில் கிடத்திவிடுவார்களாம். காலையில் எழும் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

1895-ஆம் ஆண்டு நவம்பரில் முதிய உறவினர் ஒருவரைக் கண்டு, எங்கிருந்து வருகிறீர்கள் என வேங்கடராமன் வினவினான். அருணாசலத்திலிருந்து வருவதாக அவர் கூறினார். அப்பெயரைப் புனிதமானதென்று மட்டுமே உணர்ந்திருந்த சிறுவனுக்கு, அது மனிதர் போய்வரக்கூடிய ஓர் ஊர் என்பது பெருவியப்பாயிற்று. திருவண்ணாமலையே அது என்று முதியவர் விளக்கினார். சில நாள்களுக்குப் பின் பெரியபுராணம் அவன் கைக்குக் கிட்டியது. பாடநூலைத் தள்ளிவைத்த பிள்ளை, அந்நூலை முழுவதும் ஊன்றிப் படித்தான்.

அடுத்த ஆண்டின் நடுவில் நிகழ்ந்த ஒன்றே அவன் வாழ்வைத் திருப்பியது. சிற்றப்பனார் வீட்டு மாடியறையில் தனியே அமர்ந்திருந்தான். நோய் எதுவும் இல்லை. ஆயினும் இப்போதே இறந்துவிடப் போகிறோம் என்னும் பேரச்சம் திடீரெனப் பற்றியது. வேறு பிள்ளையாயின் வீட்டாரைக் கூவி அழைத்திருப்பான், மருத்துவரும் வந்திருப்பார். வேங்கடராமன் யாரையும் அழைக்கவில்லை. இறப்பு வருமாயின் இறப்பது எது என்று பார்த்துவிட வேண்டும் எனத் துணிந்தான். கைகால்களை நீட்டிப் பிணம்போலக் கிடந்தான். மூச்சை அடக்கி, உதடுகளை இறுக மூடிக்கொண்டான். இவ்வுடலைச் சுட்டு நீறாக்கிவிட்டால் நானும் இல்லாது போவேனா என்று தன்னுள்ளே ஆராய்ந்தான். உடல் கிடக்க, உடலின் வேறாகிய ஒன்று உள்ளே விளங்குவதைத் தெளிவாகக் கண்டான். அன்று அகன்ற மரண அச்சம் மீண்டும் அவனை அணுகவில்லை. அப்போது அவனுக்கு வயது பதினாறு.

அதன்பின் பள்ளியும் வீடும் ஒட்டவில்லை. 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், ஆங்கில இலக்கணப் பாடத்தை மும்முறை எழுதிவருமாறு ஆசிரியர் இட்ட தண்டனையை நிறைவேற்றிக்கொண்டிருந்தவன், இரண்டு முறை எழுதியதும் தாள்களைத் தள்ளிவிட்டுக் கண்மூடி அமர்ந்தான். இப்படி இருப்பவனுக்கு இவையெல்லாம் எதற்கு எனத் தமையன் கடிந்துகொண்டான். அச்சொல் வேங்கடராமனுக்கு விடைகொடுக்கும் சொல்லாகவே பட்டது. பள்ளியில் தனி வகுப்பு இருப்பதாகக் கூறி எழுந்தான். அப்படியானால் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துச் சென்று தன் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிடுமாறு தமையன் பணித்தான். தனி வகுப்பு என்றது பொய்யே; அதனை மறைத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் ஐந்து ரூபாயில் மூன்று போதும் என்று கணக்கிட்டு, எஞ்சிய இரண்டை ஒரு கடிதத்துடன் வைத்துவிட்டே அவன் சென்றான். தன் தந்தையைத் தேடிப் புறப்பட்டிருப்பதாகவும், யாரும் வருந்தித் தேடிப் பொருள் செலவிட வேண்டா என்றும், சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்றும் அதில் எழுதியிருந்தான். தொடக்கத்தில் தன்னை நான் என்று குறித்த கை, அடுத்த வரியில் இது என்று குறித்தது. கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடே இருந்தது.

பழைய நிலப்படம் ஒன்றைப் பார்த்துத் திண்டிவனமே அண்மை நிலையம் என்று எண்ணிச் சீட்டு வாங்கினான். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே இருப்புப்பாதை உண்டு என்பது வண்டியில் உடன்வந்த முகம்மதியப் பெரியவர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. கையிலிருந்த காசு மாம்பழப்பட்டு வரையில்தான் எட்டியது. அதன்பின் நடந்தான். திருக்கோவலூர்க் கீழூரில் தன் கடுக்கன்களை அடகுவைத்து நான்கு ரூபாய் பெற்று, 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் காலையில் அண்ணாமலையார் கோயிலை அடைந்தான். வழிபட்டு வெளியே வந்ததும் ஐயங்குளக் கரையில் தலையை மழித்து, உடுத்த ஆடையில் கோவணம் மட்டும் கிழித்துக்கொண்டு, மீந்த காசையும் தின்பண்டப் பொட்டணத்தையும் எறிந்துவிட்டான். பணத்தை அவர் மீண்டும் தம் கையால் தொடவில்லை.

கோயிலின் ஆயிரக்கால் மண்டபத்தில் பேசாது அமர்ந்த இளந்துறவியை ஊர்ச் சிறுவர்கள் கல்லெறிந்து துன்புறுத்தினர். அவர்களுக்குத் தப்பி, அம்மண்டபத்தினுள் நிலத்துக்குக் கீழே இருக்கும் பாதாள லிங்கக் குகையில் இறங்கினார். பகலிலும் இருள் அகலாத இடம் அது. எறும்பும் பூச்சியும் தொடைகளை அரித்துப் புண்ணாக்கின; குருதியும் சீழும் மண்ணோடு ஒட்டின. அவருக்கோ உணர்வே இல்லை. சேஷாத்திரி சுவாமிகள் தம்மால் இயன்றவரை சிறுவர்களை விரட்டிக் காத்தார். இறுதியில் வேங்கடாசல முதலியார் என்பவர் வேறு சிலருடன் இறங்கி, அவரைத் தூக்கிவந்து முருகப்பெருமான் சந்நிதியில் அமர்த்தினார். அப்போதும் கண் திறக்கவில்லையாம். பாழடைந்து கிடந்த அக்குகை பின்னர்த் திருத்தப்பெற்று, 1949-ஆம் ஆண்டில் இராசகோபாலாச்சாரியாரால் திறந்துவைக்கப்பெற்றது.

குருமூர்த்தம், மாந்தோப்பு, பவழக்குன்று எனச் சில இடங்களில் இருந்தபின், 1899-ஆம் ஆண்டில் மலைமேல் ஏறி விரூபாட்ச குகையில் தங்கலானார். விரூபாட்ச தேவர் என்னும் பெரியாரின் சமாதி அமைந்த இடம் அது. ஓங்கார வடிவினது என்பர். வாயிலில் நின்று பார்த்தால் கோயிற் கோபுரங்கள் கீழே தோன்றும். அன்பர்கள் ஊருக்குள் சென்று பெற்றுவந்த உணவை அங்கிருந்தோர் யாவரும் பகிர்ந்துண்டனர். தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாத நாள்கள் பல. கோடையில் அருகிலுள்ள ஓடை வற்றிவிடும். அக்காலத்தில் முலைப்பால் தீர்த்தத்தை அடுத்த மாமரக் குகைக்கு மாறுவார். குரங்குகள் தமக்குள் பூசலிட்டுக்கொண்டு அவரிடம் வந்து நிற்கும். மயில்கள் பழகித் திரியும்.

குகைக்கு உரிமையுடைய மடத்தார், கார்த்திகைத் தீபத் திருநாளில் அங்கு வருவோரிடம் கட்டணம் வாங்கத் தொடங்கினர். தம்மைக் காண வருவோர் காசு கொடுக்க நேர்வதை அவர் விரும்பவில்லை. வாதிடவும் இல்லை, வெளியேறி ஒரு மரத்தடியில் அமர்ந்தார். கட்டணம் அங்கும் தொடர்ந்தது. உடனே வேறு குகைக்குப் போய்விட்டார். மக்களும் அவர் பின்னே சென்றமையால் விரூபாட்ச குகைக்கு வருவார் இல்லை. மடத்தார் கட்டணத்தைக் கைவிட்டு அவரைத் திரும்ப அழைத்தனர்.

1902-ஆம் ஆண்டில் தென்னார்க்காடு மாவட்ட வருவாய்த்துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை என்னும் அன்பர் வந்து, தம்மை அறியும் வழி யாது என வினவினார். முனிவர் பேசாதிருந்த காலம். விடைகளை எழுதியே காட்டினார். அவ்விடைகள் 1923-ஆம் ஆண்டில் நான் யார் என்னும் சிறுநூலாக வெளிவந்தன. அதில் முத்துக் குளிப்பவர் உவமை ஒன்று உள்ளது. அதன் ஆழத்தை உணர அத்தொழிலைச் சிறிது அறிதல் வேண்டும்.

தூத்துக்குடிக் கடலில் முத்துச் சிப்பிகள் படிந்திருக்கும் திட்டுகளைப் பார் என்பர். பத்து மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடக்கும் அவற்றை எடுக்கக் குளிப்பவன் வெறுங்கையோடு குதிப்பதில்லை. நீர் மனிதனை மேலே தள்ளும் இயல்புடையது. நீந்தி இறங்கினால் போகும் வழியிலேயே மூச்சு செலவாகிவிடும். ஆதலின் கனமான கல்லின் துணையால் விரைந்து அடியைச் சேர்வான். ஒரு நிமிட அளவில் கைக்கு அகப்பட்ட சிப்பிகளை வலைப்பையில் அள்ளிக்கொண்டு கயிற்றை அசைப்பான். படகிலுள்ளவன் மேலே இழுப்பான். அக்கயிற்றைப் பிடிக்க மைத்துனனையே அமர்த்துவர் என்பது வழக்குரை. தன் உடன்பிறந்தாள் தாலியை மறந்து ஒருவன் கையை விடான் அன்றோ! அரசினர் நடத்திய அம்முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டுக்குப் பின் பெரிய அளவில் நிகழவில்லை. பிரான்சு நாட்டவராகிய கூஸ்தோ, ககுனான் என்னும் இருவர் 1943-ஆம் ஆண்டில் காற்றடைத்த கலத்திலிருந்து வேண்டும் அளவுக்கு மூச்சு வழங்கும் கருவியை அமைத்தனர். அதனை முதுகில் சுமந்து, மத்தியதரைக் கடலின் பாறைத் திட்டுகளிலும் குகை வாயில்களிலும் புதிதாகப் பயில்வோரும் இன்று ஆசிரியர் துணையுடன் இறங்குகின்றனர். முனிவர் உவமித்தவனுக்கோ ஒரே மூச்சுத்தான் துணை.

இடுப்பில் கல்லைக் கட்டி மூழ்கி முத்தெடுப்பவனைப் போல, பற்றின்மையைத் துணையாகக் கொண்டு தன்னுள்ளே ஆழ்பவன் ஆன்மாவாகிய முத்தைப் பெறுவான் என்பதே அவர் கருத்து. மேலே தள்ளும் நீர், மனத்தில் இடைவிடாது எழும் எண்ணங்கள். கீழே கொண்டுசெல்லும் கல், எதையும் தனக்கென வேண்டாமை. 1928-ஆம் ஆண்டில் இயற்றிய உள்ளது நாற்பதிலும், கிணற்றில் விழுந்த பொருளை எடுக்க மூழ்குபவனை இதே நோக்கில் எடுத்துக்காட்டினார். வைகையில் நீந்திய பிள்ளைக்கு இவ்வுவமை இயல்பாகவே வாய்த்தது போலும்.

அவர் விட்டுவந்த பொருள்களுள் மிகவும் கனத்தது எது எனில், தாயின் அன்பே. 1898-ஆம் ஆண்டு இறுதியில் அழகம்மாள் மூத்த மகனுடன் பவழக்குன்றுக்கு வந்தார். அழுக்கேறிய உடலும் சடைபட்ட தலையுமாக இருந்தவரை, தம் மகன் என்று கண்டவுடன் அறிந்துகொண்டார். நாள்தோறும் பண்டங்கள் செய்து கொண்டுவந்து, வீட்டுக்கு வருமாறு கெஞ்சினார். ஒருநாள் கதறி அழுதார். உடனிருந்தோர் மனம் பொறாது, ஒரு விடையேனும் எழுதிக் காட்டுமாறு முனிவரை வேண்டினர். நடவாதது என் முயலினும் நடவாது, நடப்பது தடுப்பினும் நில்லாது, ஆதலால் வாளா இருத்தலே நன்று என்னும் பொருள்பட அவர் எழுதிக் கொடுத்தார். மகன் பெயரும் இல்லை, தாய் என்னும் விளியும் இல்லை. அதனைப் பெற்றுக்கொண்டு அம்மையார் மானாமதுரைக்குத் திரும்பினார். அக்கடுமையை இன்றும் படிப்போர் நெஞ்சு நோவாதிருத்தல் அரிது.

ஆயினும் அத்துடன் அது முடியவில்லை. இரண்டே ஆண்டுகளில் மூத்த மகன் நாகசாமி இறந்தான். 1907-ஆம் ஆண்டில் காவியகண்ட கணபதி முனிவர் அம்மலைத் துறவிக்குப் பகவான் இரமண மகரிஷி எனப் பெயர் சூட்டினார். தாயார் செவிக்கும் அது எட்டியிருக்கும். 1914-ஆம் ஆண்டில் மகனைக் காண வந்த இடத்தில் அம்மையாரை நச்சுக்காய்ச்சல் பற்றியது. முன்பு வாளா இருக்குமாறு எழுதிய அதே கை, தாயின் நோய் தீருமாறு அருணாசலேசுவரரை வேண்டிப் பாடல்கள் எழுதிற்று. இரவு பகலாக அருகிலிருந்து பணிவிடையும் செய்தார். 1916-ஆம் ஆண்டில் அழகம்மாள் மகனோடு இருக்கவே வந்துவிட்டார். அவ்வாண்டில் முனிவரும் அன்பரும் சற்று மேலே, வற்றாத ஊற்றை உடைய கந்தாசிரமத்துக்கு மாறினர்; அங்கே அடுப்பு மூட்டிச் சமைக்கும் பொறுப்பை அம்மையார் ஏற்றார். தமக்கெனத் தனியுரிமை பாராட்டிய வேளைகளில் மகன் அவருடன் பேசமாட்டார். எல்லாப் பெண்டிரும் தமக்குத் தாயரே என்பார்.

1922-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் அழகம்மாளின் இறுதிநாள் ஆயிற்று. காலை முதல் முனிவர் தாயின் அருகே அமர்ந்து, வலக்கையை அவர் நெஞ்சிலும் இடக்கையைத் தலையிலும் வைத்தபடி இருந்தார். இரவு எட்டு மணியளவில் உயிர் அடங்கிய பின்னரே கைகளை எடுத்தார். மலையின் தென்புறத்து அடிவாரத்தில், பாலித் தீர்த்தத்தின் அருகே அம்மையாருக்குச் சமாதி அமைத்தனர். கந்தாசிரமத்திலிருந்து அடிக்கடி அங்கு இறங்கி வந்தவர், அவ்வாண்டு டிசம்பரில் ஒருநாள் வந்து திரும்பவில்லை. அச்சமாதியைச் சூழ்ந்து எழுந்ததே இரமணாசிரமம். 1949-ஆம் ஆண்டில் மாத்ருபூதேசுவரர் கோயிலாக அதற்குக் குடமுழுக்கும் நிகழ்ந்தது.

ஆசிரமம் வளர்ந்து, ஐரோப்பியரும் அமெரிக்கரும் வரலாயினர். பால் பிரண்டன் 1934-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் முனிவரின் பெயரை மேலைநாடுகளுக்குக் கொண்டுசென்றது. அவரோ விடியுமுன் எழுந்து சமையற்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பிறருக்கு இடாத உணவைத் தமக்கென இலையில் இட்டால் ஏற்கமாட்டார்.

1949-ஆம் ஆண்டு தொடக்கத்தில் இடது கையில் தோன்றிய கட்டி புற்றாக மாறியது. அவ்வாண்டிலேயே நான்கு முறை அறுவை நிகழ்ந்தது, பயன் இல்லை. கையை எடுத்துவிடலாம் என்றபோது அதற்கு மட்டும் இசையவில்லை. வலியைப்பற்றி ஒன்றும் முறையிடாது, தம்மைக் காண வருவோரைத் தடுக்கலாகாது என்று மட்டும் வற்புறுத்தினார். 1950-ஆம் ஆண்டு ஏப்பிரல் 14-ஆம் நாள் மாலை, அறைக்கு வெளியே அன்பர்கள் அவர் பாடிய அட்சரமணமாலையைப் பாடினர். கேட்டுக் கண் திறந்தார். விழியோரம் நீர் வழிந்தது. இரவு 8 மணி 47 நிமிடத்தில் மூச்சு நின்றது. அதே வேளையில் வானத்தில் ஒரு விண்மீன் ஒளிவிட்டு அண்ணாமலை உச்சியை நோக்கிச் சென்றதைப் பலர் கண்டனர். மறுநாள் தாயின் சமாதிக்கு அருகிலேயே அவரை அடக்கம் செய்தனர்.