24 கிலோபைற்றுக்குள் பிறந்த மொழி: டெனிஸ் ரிச்சி

2011 ஒக்டோபர் 5 ஆம் திகதி அப்பிள் நிறுவனத்தின் ஸ்ரீவ் ஜொப்ஸ் மறைந்தபோது உலகம் முழுவதும் அஞ்சலி செலுத்தியது. ஒரு வாரம் கழித்து, அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் தனியாக வாழ்ந்துவந்த 70 வயதான ஒருவர் தமது வீட்டில் இறந்த நிலையில் காணப்பட்டார். அந்த மரணம் பெரிதாகப் பேசப்படவில்லை. அவர்தான் சி நிரல்மொழியை உருவாக்கிய டெனிஸ் ரிச்சி.

1941 செப்டெம்பர் 9 இல் நியூயோர்க் மாநிலத்தில் பிறந்த ரிச்சி, ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலும் பிரயோக கணிதமும் கற்றார். கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வை எழுதியும் பட்டம் பெறவில்லை. 1967 இல், தந்தை பணியாற்றிய பெல் ஆய்வுகூடத்திலேயே இணைந்தார்.

அங்கு கென் தொம்சனுடன் சேர்ந்து யுனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கினார். 1970 இல் அவர்களுக்குக் கிடைத்த பிடிபி-11 கணினியின் நினைவகம் வெறும் 24 கிலோபைற். அதில் 16 கிலோபைற் இயங்குதளத்துக்குப் போக, பயனாளருக்கு எஞ்சியது 8 மட்டுமே. ஆய்வாளர்கள் நிரல் எழுதியதும், காப்புரிமைப் பிரிவினர் ஆவணங்களைத் தட்டச்சு செய்ததும் அந்த இடத்துக்குள்தான்.

அப்போது அவர்களிடமிருந்தது தொம்சனின் பி மொழி. அதில் தரவு வகைகள் கிடையாது. ஓர் எழுத்தும் பெரிய எண்ணும் ஒரே அளவு இடத்தைப் பிடித்தன. 1971 இல் ரிச்சி அதைத் திருத்தத் தொடங்கினார். எழுத்துக்கு ஒரு பைற், முழு எண்ணுக்கு இரண்டு பைற் என வகை பிரித்தார். அப்படி வளர்ந்ததே சி. 1972 இல் யுனிக்ஸை அதில் எழுத முயன்ற தொம்சன், மொழி போதாமல் கைவிட்டார். தொடர்புள்ள தரவுகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் வசதியை ரிச்சி சேர்த்த பின், 1973 இல் அது கைகூடியது. 1983 இல் இருவருக்கும் டூரிங் விருது கிடைத்தது.

அந்தச் சிக்கனம் இன்றும் உதவுகிறது. மாணவர்கள் பயன்படுத்தும் ஆர்டுயினோ யூனோ பலகையின் நுண்கட்டுப்படுத்தியில், நிரல் ஓடும்போது பயன்படுத்தக்கூடிய நினைவகம் 2 கிலோபைற் மாத்திரமே. 0 முதல் 255 வரையான 100 அளவீடுகளைச் சாதாரண முழு எண்களாக வைத்தால் 200 பைற் செலவாகும். ஒரு பைற் வகையில் வைத்தால் 100 போதும். மாறாத சொற்றொடர்களை நிரல் சேமிக்கப்படும் 32 கிலோபைற் பகுதியிலேயே விட்டுவைக்கலாம். கவனம் தவறி நினைவகம் நிரம்பினால் சி எச்சரிக்காது. ஒரு தரவின் மேல் இன்னொன்று எழுதப்பட்டு, கருவி காரணம் தெரியாமல் தடுமாறும். இடத்தை ஆளும் சுதந்திரத்தோடு பொறுப்பையும் நிரலாளரிடமே ரிச்சி விட்டார்.

இந்த மொழியைப் பழக விலையுயர்ந்த கணினி தேவையில்லை. தேவையான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன; பழைய கணினியும் ஒரு சிறு பலகையும் இருந்தால் எந்த ஊர்ப் பிள்ளையும் தொடங்கலாம். ரிச்சியிடம் இருந்தது அதைவிடக் குறைவு.