பஞ்சத்தில் எழுந்த பிரார்த்தனை

திருச்சிக்கு அருகிலுள்ள குளத்தூரில், 1826-ஆம் ஆண்டு கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தவர் வேதநாயகம் பிள்ளை. மாயூரத்தில் முன்சீபாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடும் பஞ்சம் வாட்டியது. இறைவன் கைவிட்டானோ என்று மக்கள் கலங்கினர். வேதநாயகர் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோருக்குக் கஞ்சி வார்த்தார். அவர்களது துயரை இறைவனிடமே முறையிட்டுக் கீர்த்தனைகள் இயற்றினார். அம்முறையீட்டில் வேதனை உண்டு; அவநம்பிக்கை இல்லை. செவிசாய்ப்பவன் இருக்கிறான் என்ற உறுதி உள்ளவருக்கே அவ்வாறு உரிமையுடன் முறையிட இயலும்.

எச்சமயத்தவரும் பாடத்தக்க அவரது பாடல்கள் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' என்ற நூலாயின. சிவபக்தரான கோபாலகிருஷ்ண பாரதியார் அவருடைய கொடையுள்ளத்தைப் பாடிப் போற்றினார்.

1889-இல் அவர் மறைந்தார். துன்பம் சூழும் வேளையில் நாவு பிரார்த்திக்கட்டும், கை பிறர் பசி தீர்க்கட்டும். அவரது வாழ்வு நமக்குக் காட்டும் நெறி இதுவே.