கடலை அறிந்து கடந்த மாவீரர் மிகிர் சென்

சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் கடல் என்றால் பூகோளப் படத்தில் நீல நிறம் பூசிய பகுதி, அவ்வளவுதான். எங்கள் ஊர்த் தண்ணீரெல்லாம் மேட்டூர் அணையிலும், காவிரியிலும், தோட்டத்துக் கிணற்றிலும் அடங்கிவிடும். ஆகவே காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பள்ளிச் சுற்றுலாவாக இராமேசுவரம் தீவுக்குச் சென்று, தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் பேருந்தை விட்டு இறங்கியபோது எங்கள் மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா அலை வீசி ஆர்ப்பரித்தது. மறு பக்கம் பாக் நீரிணைக் கடல் குளம்போல் அமைதியாகக் கிடந்தது. ஆர்ப்பரிப்பதை ஆண் கடல் என்றும், அமைதியானதைப் பெண் கடல் என்றும் அவ்வூர் மக்கள் சொல்வார்களாம்.

பெண் கடல் என்ற பெயரைக் கேட்டதும் எங்களுக்குத் துணிவு வந்துவிட்டது. எங்களுள் நால்வர் பாவாடையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினர். மறு நிமிடமே காலடியில் இருந்த மணல் யாரோ வாரி எடுப்பதுபோல் கரைந்தது. ஒருத்தி தடுமாறி உட்கார்ந்துவிட்டாள். அலையே இல்லாத அந்தத் தண்ணீர் அவளைப் பக்கவாட்டில் இழுத்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் ஓடிவந்து அவளைக் கைபிடித்துக் கரையேற்றினார். மேலே அமைதியாக இருந்தாலும் அடியில் நீவாடு ஓடும் என்று அவர் எங்களைக் கடிந்துகொண்டார். நீவாடு என்பது மீனவர்கள் நீரோட்டத்துக்கு வைத்திருக்கும் பெயர். வாடைக்காற்று வீசும் கார்த்திகை, மார்கழியில் இந்தப் பெண் கடலே சீறும் என்றும், அப்போது மறு பக்கம் அடங்கிக் கிடக்கும் என்றும் அவர் விளக்கினார்.

நாங்கள் நடுங்கியபடி பேருந்தில் ஏறியதும், உடன் வந்த சிஸ்டர் எங்களைத் திட்டவில்லை. அதே மணலில், கடலிலிருந்து நடந்து கரையேறிய ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னார். ஊர் திரும்பியதும் நூலகத்தில் தேடி நாங்கள் அறிந்துகொண்ட அவருடைய வாழ்க்கையைத் தோழியர்க்கும் பெற்றோர்க்கும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மிகிர் சென் 1930-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், இன்றைய மேற்கு வங்காளத்தில் உள்ள புருலியாவில் பிறந்தார். தந்தை மருத்துவர். ஆயினும் குடும்பத்தில் வறுமை குடிகொண்டிருந்தது. மகன் நல்ல பள்ளியில் படிக்க வேண்டும் என்பதற்காகக் குடும்பம் கட்டக் நகருக்குக் குடிபெயர்ந்தது. தாய் லீலாவதி பாலும் முட்டையும் விற்று அவரைப் படிக்க வைத்தார். இதைப் படித்தபோது எங்களுக்கு வேறு ஒரு தாயை நினைக்கத் தேவை இருக்கவில்லை. நாமக்கல் பக்கத்தில் பாலும் முட்டையும் விற்றுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அன்னையர் எங்கள் வகுப்பிலேயே பலருக்கு உண்டு.

உத்கல் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற மிகிர் சென், 1950-இல் பிஜு பட்நாயக்கின் உதவியோடு இலண்டனுக்குக் கப்பலேறினார். இரவில் புகைவண்டி நிலையத்தில் சுமை தூக்கினார். பின்னர் இந்தியத் தூதரக அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அப்படி உழைத்தே லிங்கன்ஸ் இன் என்னும் புகழ்பெற்ற சட்டக் கழகத்தில் படித்து பாரிஸ்டர் ஆனார்.

அந்நாளில் அவர் கையில் கிடைத்த ஒரு செய்தித்தாள் அவர் வாழ்க்கையையே மாற்றியது. அமெரிக்கப் பெண்மணி புளோரன்ஸ் சாட்விக், பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையில் உள்ள ஆங்கிலக் கால்வாயை 1950-இல் நீந்திக் கடந்த செய்தி அதில் இருந்தது. ஒரு பெண் செய்ததை ஓர் இந்தியனும் செய்ய வேண்டும் என்று அவர் உறுதிபூண்டார். இதில் வியப்பு என்னவென்றால், அப்போது அவருக்கு நீச்சல் சரியாகத் தெரியாது! ஒய்.எம்.சி.ஏ. நீச்சல் குளத்தில் சிறுவனைப்போல் முதற்பாடத்திலிருந்து கற்றுக்கொண்டார்.

ஆங்கிலக் கால்வாய் மிகக் குறுகிய இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர் அகலம் உடையது. தண்ணீர் எலும்பைத் துளைக்கும் குளிர். ஏறத்தாழ ஆறு மணிக்கொரு முறை ஓதம் மாற, நீரோட்டமும் திசை மாறும். நேர்க்கோட்டில் நீந்த நினைப்பவரை அது பல மைல் தள்ளிக்கொண்டு போய்விடும். மிகிர் சென் முதன்முறை முயன்றபோது வானிலை கெட்டது, முயற்சி தோற்றது. அதன் பின்னும் தோல்வி கண்டார். ஒவ்வொரு முறையும் துணைப் படகில் ஏறிக் கரைக்குத் திரும்பினார். இறுதியில் 1958-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் 14 மணி 45 நிமிடத்தில் கால்வாயைக் கடந்து, அதைச் செய்த முதல் இந்தியர் என்னும் பெருமையைப் பெற்றார். மறு ஆண்டே அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மாணவியராகிய நாம் இவ்விடத்தில் ஆரத்தி சாகாவை மறக்கக் கூடாது. மிகிர் சென் ஊக்கமூட்டிய கல்கத்தா நங்கை அவர். 1959 ஆகஸ்டு மாதம் கால்வாயில் இறங்கி, இங்கிலாந்துக் கரைக்குச் சில மைல் தூரமே இருந்தபோது எதிர் நீரோட்டம் அவரைத் தடுத்தது. கண்ணுக்கு எட்டிய கரையை விட்டுவிட்டுப் படகேறினார். ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 29-ஆம் நாள், 16 மணி 20 நிமிடம் நீந்தி, கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண் ஆனார். அப்போது அவருக்கு வயது 19. முதல் நாள் பிடிவாதம் பிடித்திருந்தால் இரண்டாம் நாள் அவருக்கு வாய்த்திருக்குமா?

மிகிர் சென்னின் அடுத்த இலக்கு நம் தமிழ்நாட்டுக் கடல். இலங்கையின் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். ஆங்கிலக் கால்வாயைவிடச் சற்றுக் குறைவுதான். தண்ணீரும் வெதுவெதுப்பானது. ஆனால் அங்கே கடலடியில் மணல் திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அகன்ற வாய்க்காலில் மெல்லப் போகும் தண்ணீர் குறுகிய மதகில் பாய்ந்து ஓடுவதை நம் வயல்களில் பார்க்கிறோம் அல்லவா? அதுபோலவே இரண்டு கடல்களின் நீரும் அந்தத் திட்டுகளின் இடையே விரைந்து பாய்கிறது. சுறாக்களும் கடற்பாம்புகளும் வாழும் கடல் வேறு.

இதையெல்லாம் அறிந்த அவர் நினைத்த நாளில் குதித்துவிடவில்லை. வாடைக்காற்று ஓய்ந்து, தென்மேற்குப் பருவக்காற்று தொடங்காத ஏப்ரல் மாதத்தில் நீந்தினார். இந்தியக் கடற்படையின் உதவியைக் கேட்டுப் பெற்றார். சுகன்யா, சாரதா என்னும் இரண்டு கப்பல்கள் உடன் வந்தன. 1966-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் கடலில் இறங்கினார். அன்று பௌர்ணமி. நிலவொளி இரவுக்குத் துணைதான். ஆயினும் பௌர்ணமியிலும் அமாவாசையிலும் ஓதம் மிகும், நீரோட்டமும் வலுக்கும். கால்வாயை 15 மணிக்குள் கடந்தவருக்கு அதைவிடக் குறுகிய இந்தக் கடல் 25 மணி 36 நிமிடம் எடுத்துக்கொண்டது என்றால் அதன் வலிமையை என்னென்பது! ஏப்ரல் 6-ஆம் நாள் அவர் கால் பதித்த தனுஷ்கோடியும் சாதாரண ஊராக இல்லை. 1964 டிசம்பர் புயலில் கடல் பொங்கி, ஊரையும் ஒரு புகைவண்டியையும் பயணிகளோடு கொண்டுபோயிருந்தது. கூரையிழந்து நிற்கும் தேவாலயத்தின் சுவர்களை நாங்களும் கண்டு கண் கலங்கினோம்.

அவ்வாண்டிலேயே அவர் ஜிப்ரால்டர் நீரிணை, டார்டனெல்ஸ், பாஸ்பரஸ் ஆகியவற்றைக் கடந்து, பனாமாக் கால்வாயையும் நீளவாட்டில் நீந்தி முடித்தார். ஒரே ஆண்டில் ஐந்து கண்டங்களின் கடல்களில் நீந்தியவர் என்று உலகம் போற்றியது. 1967-இல் பத்மபூஷண் விருது பெற்றார். பிற்காலத்தில் தொழில் நலிந்து, நினைவாற்றலும் நோயால் குன்றி, 1997-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார்.

மிகிர் சென் நீந்திய அதே கடலை 1971-இல் போகவும் வரவுமாக நீந்தி முடித்தவர், யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன். அம்மாவீரர் 1984-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர் நீத்தார். கடலுக்கு வீரனும் ஒன்றுதான், முழங்கால் நீரில் நின்ற எங்கள் தோழியும் ஒன்றுதான். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவ மாணவியரை அலை கொண்டுபோனதை நாம் மறந்திருக்க மாட்டோம். எங்கோ தொலைவில் வீசிய காற்று எழுப்பும் பேரலை, நம் கரையில் காற்றே இல்லாத நாளிலும் திடீரெனப் புகும். அதைக் கள்ளக்கடல் என்பர். அன்று அதற்கான எச்சரிக்கை முன்பே விடுக்கப்பட்டிருந்தது.

மிகிர் சென்னின் வாழ்விலிருந்து நாங்கள் கற்றவை மூன்று. முதலாவது, தண்ணீரில் இறங்குமுன் அதை அறிய வேண்டும். அவ்வூர் மீனவரைக் கேட்க வேண்டும்; எச்சரிக்கைப் பலகையை மதிக்க வேண்டும்; பத்து நிமிடமாவது கரையில் நின்று பார்க்க வேண்டும். சிறிய அலைகளைத் தொடர்ந்து பெரிய அலைகள் கூட்டமாக வரும். இரு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் மட்டும் அலையின்றிக் கருமையாகவோ மணல் கலங்கியோ தெரிந்தால், அதுவே ஆபத்தான வழி. கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்பும் பாதை அது. அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துப்போவார். பதறாமல் மிதந்து, கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகச் சிறிது தூரம் நீந்தி, இழுப்பு விட்டதும் கரை சேர வேண்டும்.

இரண்டாவது, தனியே இறங்கக் கூடாது. உலகம் புகழ்ந்த வீரருக்கே இரண்டு கப்பல் துணை வேண்டியிருந்தது. ஒருவர் தத்தளிக்கும்போது நீச்சல் தெரியாத மற்றவர் குதித்தால் இருவரையும் இழப்போம். கயிறோ, சேலையோ, காற்றடைத்த டியூபோ வீச வேண்டும்.

மூன்றாவது, திரும்பி வருவது கோழைத்தனம் அன்று. தோல்வியை ஏற்றுப் படகேறியதால்தான் அவர் 1958-ஐயும் 1966-ஐயும் கண்டார்.

கடல் நமக்குத் தொலைவு என்று இருந்துவிடலாகாது. ஆடிப்பெருக்கன்று மேட்டூரிலும், மோகனூரிலும், பரமத்திவேலூரிலும் காவிரியில் இறங்குபவர்கள் நாம்தான். கண்ணுக்குத் தெரியாத சுழலும் குழியும் அங்கும் உண்டு. எங்கள் வகுப்பில் நீந்தத் தெரிந்தவர்கள் கையைத் தூக்குமாறு ஆசிரியை கேட்டார். மூன்று கைகளே உயர்ந்தன. மூவரும் தந்தையின் தோட்டத்துக் கிணற்றில் லாரி டியூபைப் பிடித்துக்கொண்டு கற்றவர்கள். மற்றவர்களின் அண்ணன் தம்பியர் அதே கிணற்றில் கற்றிருக்கிறார்கள். நாங்கள் மேட்டில் நின்று அவர்களுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே அன்புள்ள பெற்றோரே, இவ்வாண்டுக் கோடை விடுமுறையில் உங்கள் பெண்களுக்கும் நீச்சல் கற்றுத்தர வேண்டுகிறோம். பெரியவர் துணையோடு கற்போம், தண்ணீரை மதிப்போம். அரிச்சல்முனையில் எங்கள் தோழிக்கு ஒரு முதியவரின் கை கிடைத்தது. எல்லா நாளும் அப்படி ஒரு கை அருகில் இருக்கும் என்று யார் சொல்ல முடியும்?