இயந்திரத்தால் வேலை போனது... 'லீவு நாள்' ஓவியத்தால் புகழ் வந்தது: யார் இந்த ரெனுவார்?

கோடு போட்ட துணிப்பந்தலின் கீழ் ஒரு பால்கனி. மேசையில் திராட்சை, ஒயின் பாட்டில்கள். சாப்பிட்டு முடித்த 14 பேர் சாவகாசமாக அரட்டை அடிக்கிறார்கள். பின்னால் சென் நதி. பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரின் 'படகு விருந்தினரின் மதிய உணவு' ஓவியம் இது. பார்த்தாலே லீவு போடத் தோணும். ஆனா, வரைந்தவரின் வாழ்க்கை அப்படி ஒன்றும் சாவகாசமாக இருக்கவில்லை.

1841-ல் பிரான்ஸின் லிமோஜ் நகரில் பிறந்தவர் பியர் ஒகுஸ்த் ரெனுவார். அப்பா தையல்காரர். பாரிஸுக்குக் குடிவந்த குடும்பத்தில், 13 வயதிலேயே பீங்கான் பட்டறை வேலைக்குப் போனார். தட்டு, கோப்பைகளில் பூ வரைய வேண்டும். தொழில் கைக்கு வந்த நேரத்தில், படங்களை இயந்திரத்தில் அச்சடிக்கும் முறை வந்தது. வேலை போச்சு!

விசிறிகளிலும் திரைச்சீலைகளிலும் படம் வரைந்து பிழைத்தார். 1862-ல் முறையாக ஓவியம் படிக்கச் சேர்ந்தார். அங்கே நண்பரானவர் மோனே. 1869 கோடையில் இருவரும் சென் நதிக்கரையில் அருகருகே நின்று, நீரில் மின்னும் வெயிலை வரைந்தார்கள். பெயின்ட் வாங்கவே காசு இல்லாத காலம் அது. 1874-ல் நண்பர்களோடு சேர்ந்து நடத்திய முதல் கண்காட்சியை விமர்சகர்கள் கேலி செய்தார்கள். அந்தக் கேலியில் ஒட்டிய பெயர்தான் 'இம்ப்ரஷனிசம்'.

1880-ல் பாரிஸுக்குப் பக்கத்தில், ஷாட்டூவில் உள்ள ஃபூர்னேஸ் உணவகத்தில் நண்பர்களை உட்காரவைத்து இந்த ஓவியத்தைத் தொடங்கினார். எல்லோரும் ஒரே நேரத்தில் கிடைப்பார்களா? ஒவ்வொருவராகத்தான் வந்தார்கள். திரும்பத் திரும்பத் திருத்தி, அடுத்த ஆண்டுதான் முடித்தார். பணக்கார ஓவியர் கயேபோத்தும், தையல் வேலை செய்த அலினும் இதில் ஒரே மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். நாய்க்குட்டியைக் கொஞ்சும் அந்த அலினைத்தான் 1890-ல் ரெனுவார் மணந்தார்.

கொஞ்சம் வசதி வந்த நேரத்தில் முடக்குவாதம் வந்தது. விரல்கள் மடங்கிப்போயின, கடைசியில் சக்கர நாற்காலி. அப்போதும் ஓயவில்லை. மற்றவர்கள் தூரிகையை விரலிடுக்கில் வைத்துவிட, வரைந்துகொண்டே இருந்தார். 1919 டிசம்பர் 3-ல் காலமானார்.

1923-ல் டங்கன் ஃபிலிப்ஸ் என்ற அமெரிக்கர் இந்த ஓவியத்தை 1,25,000 டாலருக்கு வாங்கினார். இப்போது வாஷிங்டனின் ஃபிலிப்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இயந்திரத்திடம் வேலையை இழந்த அந்தப் பையனின் கைவேலையைப் பார்க்க, இன்றும் கூட்டம் வருகிறது.