தாது வருஷப் பஞ்சமும் ஒரு அணையும்: யார் இந்த பென்னிகுவிக்?

தேனி புதிய பஸ் ஸ்டாண்டுக்கு அவர் பெயர். லோயர் கேம்ப்பில் மணிமண்டபம். ஜனவரி 15 வந்தால் பாலார்பட்டியில் அவர் பிறந்தநாளுக்கும் சேர்த்தே பொங்கல் வைக்கிறார்கள். ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயருக்கு ஏன் இவ்வளவு மரியாதை? பதில் தண்ணீரில் இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், தண்ணீர் இல்லாததால் ஊரைவிட்டுப் போனவர்களின் கதையில் இருக்கிறது.

ஜான் பென்னிகுவிக் 1841-ல் புனேயில் பிறந்தார். எட்டு வயது நிறையும் முன்பே, சிலியன்வாலா போரில் அப்பாவையும் அண்ணனையும் ஒரே நாளில் பறிகொடுத்தார். இங்கிலாந்தில் படித்துவிட்டு, 1860-ல் ராணுவப் பொறியாளராக மதராஸ் வந்தார்.

1876-78 தாது வருஷப் பஞ்சம் அன்றைய மதுரை மாவட்டத்தைச் சுருட்டிப் போட்டது. பிழைக்க வழியில்லாமல் கிளம்பியவர்களில் ஏராளமானோர் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். இத்தனைக்கும் மலைக்கு அந்தப்பக்கம் பெரியாறு பெருகி ஓடி, அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்தது. அதைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை 1789-லேயே ராமநாதபுரம் சமஸ்தானத்தில் எழுந்ததுதான். 1808-ல் ஆய்வு செய்த ஆங்கிலேய அதிகாரி, முடியாது என்று கைவிரித்தார். பஞ்சத்துக்குப் பிறகுதான் அரசுக்கு அவசரம் வந்தது. 1882-ல் திட்டத்தைத் திருத்தி எழுதும் வேலை பென்னிகுவிக்கிடம் வந்தது.

1886-ல் திருவிதாங்கூரோடு 999 வருஷக் குத்தகை. ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் 8,000 ஏக்கர். 1887-ல் வேலை தொடங்கியது. காட்டு வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை அடித்துக்கொண்டு போனது. மலேரியா நூற்றுக்கணக்கான உயிர்களைக் குடித்தது. காய்ச்சல் மாதங்களில் ஆட்கள் மலையைவிட்டு இறங்கிவிடுவார்கள், வேலை நின்றுபோகும். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய அணை, 1895 அக்டோபர் 10-ல் திறக்கப்பட்டது. சுமார் 1.7 கி.மீ. சுரங்கம் வழியாகத் தண்ணீர் இந்தப்பக்கம் வந்து, சுருளியாறாகி வைகையில் சேர்ந்தது.

பணம் தீர்ந்ததும் சொந்தச் சொத்தை விற்று அணையை முடித்தார் என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் அதற்கு ஆவண ஆதாரம் கிடைக்கவில்லை. கட்டியது மதராஸ் அரசின் பணத்தில்தான். அந்தக் கதை இல்லாமலே அவர் பெரிய ஆள்தான்.

சரி, இதில் பொருளாதாரம் எங்கே வருகிறது? ஜான் ஹாரிஸ், மைக்கேல் டொடாரோ என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1970-ல் ஒரு விளக்கம் தந்தார்கள். ஒருவர் நகரத்துக்குக் கிளம்பும் முன் மனசுக்குள் ஒரு கணக்குப் போடுகிறார்: அங்கே கிடைக்கும் சம்பளம் எவ்வளவு, அந்த வேலை கிடைக்க எவ்வளவு வாய்ப்பு, இங்கே வயலில் என்ன வருது? நகரத்தில் மட்டும் வேலையைப் பெருக்கினால், அதை நம்பி இன்னும் அதிகம் பேர் வந்து குவிவார்கள். ஆகவே கிராமத்து வருமானமும் உயர வேண்டும் என்பது அவர்கள் வாதம். பென்னிகுவிக் யாருடைய குடிபெயர்வையும் தடுக்கக் கிளம்பியவர் அல்ல. வறண்ட நிலத்துக்குப் பாசனம்தான் திட்டத்தின் நோக்கம். ஆனால் அணை அந்தக் கணக்கின் கிராமத்துப் பக்கத்தை மாற்றிவிட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளையும் பூமியானது. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று ஊருக்குள்ளேயே கூலி கிடைத்தது.

அணை முடிந்த பின் இங்கிலாந்து திரும்பி, கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரித் தலைவராக இருந்தார். 1911-ல் இறந்தார்.

ஆனால் வாய்க்கால் எட்டாத நிலத்துக்கு அணையால் நேரடிப் பலன் கிடையாது. மழையை நம்பிய ஆண்டிபட்டிப் பக்கத்தில் வெளியூர்ப் பிழைப்பு இன்னும் உண்டு. பள்ளத்தாக்கிலும் சொந்த நிலம் இல்லாதவர்களுக்கு வயல் கூலி வருஷம் முழுக்க வருவதில்லை. அதனால் பலர் விடியற்காலை ஜீப்பில் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரள ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.